மைக் செட்டு மாமாவின் ரோசனை

வா மருமவனே, உக்காரு. திண்ணையில வேண்டாம், அங்கன உங்க அத்தை இப்பம்தான் வடகம் காயப் போட்டிருக்கா. இங்கன தார்சாவுலயே இரி. கையில என்னது, சீட்டா? கலியாணத்துக்குப் பலசரக்கு எழுதின மாதிரி நீளமால்லா இருக்கு. நீயே படி. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது கூர்மைதான். நாப்பது வருசம் மைக் செட்டுக் குழாய்க்கு அடியிலேயே படுத்துத் தூங்கியும் அது எப்பிடி மிச்சம் இருக்குன்னு டாக்டருக்கே வெளங்கல.

கண்டென்சர் மைக் ரெண்டு. சரி. எட்டு மைக் சொருவுத இன்டர்ஃபேஸ் ஒண்ணு. சரி. எட்டு இஞ்சு மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி. மிடி கீபோர்டு. மைக்குக்கு வடிகட்டி வலை. செவுத்துல ஒட்ட நுரைப் பஞ்சு நாப்பத்தெட்டுத் துண்டு. கலர் கலரா எரியுத லைட்டுப் பட்டை பத்து மீட்டர். சுத்துத நாக்காலி. வாசலுக்கு மேல 'ரெக்கார்டிங் நடக்கிறது'ன்னு செவப்பா எரியுத போர்டு. ஆக மொத்தம் ஒண்ணே முக்கால் லட்சம். அது கெடக்கட்டும், பாட்டு எங்க லே? சீட்டுல அதைக் காணமே. எழுத மறந்துட்டியா?

மூஞ்சியைத் தூக்காத. மாமன் கேலி பண்ணாம வேற எவன் பண்ணுவான்? அந்தச் செவப்பு போர்டை மட்டும் கண்டிப்பா வாங்கிரு. அது இல்லாம எவனும் பாடினதாச் சரித்திரமே கெடையாது. லைட்டுப் பட்டையும் வாங்கு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்புல ஒத்தக் குண்டு பல்பை எரியவிட்டுத் தலைமொறை தலைமொறையா அல்வா விக்காவல்லா, அவாளுக்கு யாவாரம் தெரியல பாரு. நீயாவது பத்து மீட்டர் போட்டுக் காட்டு. என்ன ஒண்ணு, மலிவு லைட்டுக்கு வார அடாப்டரு மைக் வயர் பக்கத்துல கெடந்தா, 'ஙொய்'னு தனியா ஒரு ராவம் பிடிக்கும். அதையும் ஒன் பாட்டுக்குச் சுருதிப் பெட்டியா வச்சுக்கிடலாம்.

ரஹ்மானும் வீட்டுலதான ஆரம்பிச்சாருங்கே. நெசம்தான். 1989-ல கோடம்பாக்கத்துல வீட்டுக்குப் பின்னாலதான் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினாரு. 1992-ல 'ரோஜா' வந்துது. நடுவுல உள்ள கதையை யாரும் உனக்குச் சொல்லலியா? கட்டி முடிச்சப்பம் உள்ள ஒரு ஏசி, ஒரு அலமாரி, தரைக்கு ஒரு கம்பளம், அவ்வளவுதான். சாமான் வாங்கத் துட்டு இல்ல. அம்மா நகையைக் குடுத்துத்தான் மொத ரெக்கார்டர் வந்துதுன்னு அவரே சொல்லியிருக்காரு. பாத்தியா, அறை முன்னால, சாமான் பின்னால. அறைக்கும் முன்னால பத்து வருசம், சின்ன வயசுலேருந்து அடுத்தவங்க பாட்டுக்குக் கீபோர்டு வாசிச்சு வெரலு காச்சுப் போன மனுசன் அவரு. ஒனக்கு இதுவரைக்கும் காச்சது செல்போன் தடவுத பெருவெரலு மட்டும்தான். இன்னொண்ணும் சொல்லிருதேன். உங்கம்மா கழுத்துல கெடக்கது நான் போட்ட சீரு. அதைப் பாத்துக்கிட்டு ரஹ்மான் கதையைச் சொன்னேன்னா, ஆத்துல தண்ணி பெருகி வார அன்னைக்கு ஒன்னைக் குளிக்கக் கூட்டிட்டுப் போவேன்.

அமெரிக்காவுல பில்லி எலிஷ்னு ஒரு பிள்ளை, அவ அண்ணனோட படுக்கையறையிலேயே பாட்டுப் பதிஞ்சு, 2020-ல கிராமி வாங்கிட்டாளாமே? நீதான் போன கோயில் கொடைக்குச் சொன்னே. அப்பம் அவளுக்கு எத்தனை மீட்டர் லைட்டுப் பட்டைன்னு கேக்க விட்டுட்டேன்.

சரி, கேலி போதும். மைக்குக்கு வருவோம்.

மைக்குல ரெண்டு சாதி. ஒண்ணு டைனமிக். குழாய்க்குள்ள யூனிட் இருக்கும்லா, காந்தமும் கம்பிச் சுருளும்? அதுக்குக் கரண்டு குடுத்தா சத்தம் வரும். அதையே திருப்பிப் போடு, சத்தம் குடுத்தா கரண்டு வரும். அதான் டைனமிக் மைக். ஒரு ராத்திரி மைக் கெட்டுப் போயி, சின்ன ஸ்பீக்கர் ஒண்ணையே மைக்காச் சொருவி அறிவிப்புச் சொல்லியிருக்கேன். கேணிக்குள்ளேருந்து பேசுத மாதிரி இருந்துது, ஆனா சொன்னது வெளங்குச்சு. இன்னொண்ணு கண்டென்சர். மெல்லிசான தாள் ஒண்ணுல மின்சாரத்தை ஏத்தி வச்சிருக்கும். அதுக்கு 48 வோல்ட் இன்டர்ஃபேஸ்லேருந்து போவணும். நல்ல மைக்குதான், எதையும் விடாது. நீ மச்சுல உக்காந்து உருகி உருகிப் பாடினா, உருக்கமும் பதியும், வேப்பமரத்துக் குயிலும் பதியும், மேலத்தெரு பரோட்டாக் கடையில கொத்துத சத்தமும் தாளம் தப்பாமப் பதியும். உங்க அத்தை என்னையத் திட்டுததும் பதியும். அதை மட்டும் அழிச்சிரு.

அதனால சத்தமுள்ள தெருவுல இருக்கவனுக்கு டைனமிக்தான் புத்தி. ஷூர் எஸ்எம் 58-ன்னு ஒண்ணு, 1966-ல வந்தது. இன்னைக்கும் அதே உருவம், அதே உருண்டைத் தலை. அதே கம்பெனி எஸ்எம் 7 மைக்குலதான் மைக்கேல் ஜாக்சன் 'திரில்லர்' பாடினாரு, அதுவும் டைனமிக்தான். அவருக்கு ஆயிட்டு, ஒனக்கு ஆவாதோ? எஸ்எம் 58 பத்தாயிரத்துக்குக் கூடக்கொறைய வரும். கீழ விழுந்தா எடுத்துத் தொடைச்சுட்டுப் பாடலாம்.

ஆனா வாங்குத எடத்தைப் பாத்து வாங்கு. உலகத்துல அதிகமாக் கள்ளச்சரக்கு அடிக்கிற மைக்குல அதும் ஒண்ணு. நான் பட்டவன், அதான் சொல்லுதேன். மெட்ராஸ்ல ஒரு கடையில பாதி வெலைக்குக் குடுத்தான். பேரு, பெட்டி, வலை எல்லாம் அச்சு அசல். கையில தூக்கினப்பமே கனம் கொறச்சலா இருந்துது, ஆசை கண்ணை மறைச்சுட்டு. சுடலை கோயில் கொடை, நடுச்சாமம், வில்லுப்பாட்டுப் புலவர் வரத்துப் பாடுதாரு, உடுக்கு ஏறுது, சாமியாடுத கோமரத்தாடிக்கு ஒடம்பு அப்பம்தான் நடுங்கத் தொடங்குது. மைக்கு செத்துட்டு! அன்னைக்குக் கோமரத்தாடி நாக்கைத் துருத்தினது என்னையப் பாத்துத்தான்னு ஊரே சொல்லும். அந்த மைக்கு இப்பம் அடுக்களையில இருக்கு. உங்க அத்தை பூண்டு தட்டுதா.

ஆயிரத்தைந்நூறு ரூவாய்க்கு மைக், ஸ்டாண்டு, வடிகட்டி, எல்லாம் சேத்துப் பெட்டியா விக்காம்லா, பிஎம் 800-ன்னு? அது பெட்டிக்குத்தான் அந்த வெலை. உள்ள மைக்கு இலவசம்.

இன்டர்ஃபேஸ் எட்டு வாய் எதுக்கு? ஒனக்கு வாயி எத்தனை? பாடுதது நீ ஒருத்தன், கூட ஒரு கிதாரு. ரெண்டு வாய் போதும். ஃபோகஸ்ரைட்டுல சின்னது பன்னெண்டாயிரம் பக்கம் இருக்கும், அதைவிட மலிவும் உண்டு. அதுல பாக்க வேண்டியது ஒண்ணுதான். டைனமிக் மைக்குல வார கரண்டு ரொம்பச் சொற்பம், எறும்பு பெருமூச்சு விட்ட மாதிரி. அதை இரைச்சல் இல்லாமத் தூக்கித் தாரானான்னு பாரு. கெய்ன் குமிழைக் கடைசி வரைக்கும் திருகித்தான் கேக்குதுன்னா, மழை பெய்யுத மாதிரி ஒரு 'ஸ்ஸ்' கூட வரும்.

அளவு வைக்கதுல இந்தக் காலத்துப் பயலுவ எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்ணுதானுவ. எங்க காலத்து ஆம்ப்ளிபயர்ல கொஞ்சம் கூட்டி வச்சா சத்தம் கரகரன்னு வரும், ஆனா வரும். மரக்கால்ல நெல்லைக் கும்பாரமா அளந்த மாதிரி, மேல நிக்கது நிக்கும், சிந்துதது சிந்தும். கம்ப்யூட்டர்ல கும்பாரம் கெடையாது லே. தலை தட்டுன அளவோட சரி, அதுக்கு மேல போனது பூரா வெட்டுப்பட்டுப் போவும். பொறவு எந்தச் சாமி வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. 24 பிட்டுல பதி, நீ உச்சத்துல கத்துதப்பகூட முள்ளு மைனஸ் பன்னெண்டுக்குப் பக்கத்துலேயே நிக்கணும். கொறஞ்சிருந்தா பொறவு கூட்டிக்கிடலாம்.

ஸ்பீக்கர் இப்பம் வேண்டாம். எட்டு இஞ்சு ஸ்பீக்கரைப் பத்துக்குப் பத்து அறையில வச்சா, கீழ்ச்சத்தம் ஒரு மூலையில மலையா நிக்கும், இன்னொரு மூலையில மடுவாக் கெடக்கும். உக்காந்த எடத்துக்கு ஏத்தாப்புலப் பாட்டு மாறும், எதை நம்புவே? காதை முழுசா மூடுத ஹெட்போன் ஒண்ணு, அஞ்சாயிரத்துக்குள்ள வாங்கு. மூடாததை வாங்கினியானா, நீ கேக்குத தாளத் தட்டு அப்பிடியே கசிஞ்சு மைக்குல விழும். பாடினது ஒரு தரம், 'டிக் டிக்'கு ஆயிரம் தரம்.

வயருல மட்டும் கஞ்சம் பிடிக்காத. நல்ல மைக் வயருக்குள்ள மூணு கம்பி ஓடும். ரெண்டு கம்பியில ஒரே சத்தம், ஒண்ணு நேராவும் ஒண்ணு தலைகீழாவும் போவும். வழியில ஒட்டுத இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டும்லா, போய்ச் சேருத எடத்துல தலைகீழா வந்ததைத் திருப்பும்போது இரைச்சலும் இரைச்சலும் அடிச்சுக்கிட்டுச் சாவும். சத்தம் மட்டும் மிஞ்சும். பங்காளிச் சண்டையில மூணாமத்தவன் பொழைச்ச மாதிரி. வயரு அறுந்து போவுதது எப்பவும் முனையிலதான். அதனால முப்பது ரூவாய்க்கு ஈயமும் ஒரு பத்துவைப்புக் கோலும் வாங்கி வச்சுக்கோ. ஈயம் வைக்கத் தெரியாதவன் ஸ்டுடியோ வச்சா, அம்மி கொத்தத் தெரியாதவன் அம்மிக்கடை வச்ச மாதிரி. அப்பிடியும் 'உம்ம்'னு ஒரு முனங்கல் கேட்டா, அது நம்ம ஊருக் கரண்டு, நொடிக்கு 50 ஆட்டம். லேப்டாப்போட சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பேட்டரியில ஓட்டிப் பாரு. பாதி நாள் அதுலேயே அடங்கிரும். பாட்டு முடியுத வரைக்கும் பேனை அமத்திரு, வேர்த்தா வேர்க்கட்டும்.

சாப்ட்வேரா? திருட்டுச் சரக்கு வேண்டாம். அதுல பாட்டு வாரதுக்கு முந்தி வைரஸ் வரும். ஆடாசிட்டி சும்மாவே கெடைக்கு. ரீப்பர் 60 நாள் ஓட்டிப் பாத்துட்டு, பிடிச்சா 60 டாலர் கட்டலாம், கட்டணும்.

மைக்குக்கு முன்னால வைக்க வடிகட்டி வலைன்னு எழுதியிருக்கே, எந்நூறு ரூவா. எங்க, இப்பிடித் திரும்பி இதைச் சொல்லு: 'பாளையங்கோட்டைப் பக்கத்துப் பாப்பா பத்தமடைப் பாயோட பாபநாசம் பஸ்ஸப் பிடிச்சா.' உள்ளங்கையை வாய்க்கு முன்னால வச்சுட்டுச் சொல்லு. காத்து குத்துதா? அந்தக் குத்துதான் மைக்குல 'பொத்து பொத்து'ன்னு விழுது. பழைய நைலான் சாக்ஸை ஒரு வளையல்ல இழுத்துக் கட்டு. தொவைச்ச சாக்ஸ். இல்லேன்னா மைக்கை வாய்க்கு நேரா வைக்காம நாலு வெரலு ஒதுக்கிச் சாய்ச்சு வை. ஒரு சாண் தூரம் போதும். ரொம்ப ஒட்டினா கொரலு தடிக்கும். அது ஒன் சொந்தத் தடிப்பு இல்ல, மைக்கோட கொணம். ரொம்ப விலகினா அறை உள்ள நுழைஞ்சிரும்.

அறைன்னு சொன்னேம்லா, சீட்டுல உள்ளதுலயே பெரிய கோட்டித்தனம் அங்கனதான் இருக்கு. நாப்பத்தெட்டுத் துண்டு நுரைப் பஞ்சு! பக்கத்து வீட்டு மிக்சிச் சத்தம் வராதுன்னு எவன் சொன்னான்? சத்தத்தைத் தடுக்கணும்னா கனமான செவுரு வேணும், நுரை அதுக்கு ஆவாது. உள்ள எதிரொலியைக் குடிக்கத்தான் நுரை, அதுலயும் ஒரு இஞ்சுத் துண்டு மேல்ச்சத்தத்தை மட்டும்தான் குடிக்கும். நம்ம ஆம்பளைக் கொரலுல 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கார்வை இருக்குல்லா, அந்த அலையோட நீளம் 3.4 மீட்டர். பதினோரு அடி! அதுக்கு ஒரு இஞ்சு நுரைங்கது யானைக்குக் கோவணம் கட்டுன கதை. 'ஸ்'ஸும் 'ச்'சும் செத்துப் போயி, 'உம்' மட்டும் குடத்துக்குள்ள மாதிரி நிக்கும். முட்டை அட்டையை ஒட்டலாம்னு ஒன் கூட்டாளி சொன்னான் பாரு, அவன்ட்ட முட்டையை மட்டும் வாங்கித் தின்னுட்டு அனுப்பு. அட்டையில தீப்பிடிக்கதைத் தவிர வேற ஒரு பிரயோசனமும் இல்ல.

எந்திரி. எங்கூட வா. இங்கன தார்சாவுல நின்னு ஒரு தட்டு கையைத் தட்டு. கேட்டியா? 'டண்ண்'னு செவுத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல பந்து விளையாடுது. இப்பம் பட்டாசலைத் தாண்டி உள்ள வா. தலை குனி, நிலை இடிக்கும். இதான் அரங்குவீடு. ஒன் பூட்டன் கட்டுனது. சன்னல் கெடையாது. செவுரு ஒண்ணரை அடி. அந்தா அந்த மூலையில பிசானத்துல அறுத்த நெல்லு, இருவத்திரெண்டு மூட்டை. இந்தப் பக்கம் உங்க ஆச்சி வச்சிட்டுப் போன இலவம்பஞ்சு மெத்தை நாலு, சுருட்டி நிக்கு. பரண்ல ஜமுக்காளம். கொடியில உங்க அத்தை சேலை பூரா. கதவைச் சாத்து. இப்பம் தட்டு.

எங்க போச்சு சத்தம்? தட்டுன எடத்துலேயே விழுந்து செத்துட்டு. இன்னொருக்காத் தட்டு. ஆச்சரியமா இருக்கோ? மூட்டைதான்லே குடிக்கு. நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவுல காத்து போயி சிக்கிக்கிட்டு வெளிய வர வழி தெரியாம அலையுது. சாக்கு, மெத்தை, சேலை, எல்லாம் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு தினுசாச் சத்தத்தைத் தின்னுது. மெட்ராஸ்ல இதுக்கு ராக்வுல் பலகையை வாங்கி நாலு இஞ்சு கனத்துக்கு அடுக்குவான், பில்லு போடுவான். பத்தமடைப் பாயைச் செவுத்துல அடிச்சா போதுமான்னு கேக்காத. படுக்கதுக்கு அதை விட்டா வேற கெடையாது, சத்தம் குடிக்க அதுக்குக் கனம் பத்தாது.

1963-ல திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்துது. வந்து ரெண்டு மூணு வருசம் இருக்கும், எங்க ஊரு வில்லுப்பாட்டுச் செட்டுக்கு ஒரு நாள் அங்க பாட்டு. குடத்தைத் தூக்கிட்டுப் போன டவுசர்ப் பய நான். உள்ள போயி கதவைச் சாத்தினதும் புலவருக்குப் பாட்டு வரல. செவுரு பூரா ஓட்டை ஓட்டையா அட்டை, சொன்ன சொல்லு திரும்பி வரவே மாட்டேங்குது. 'ஆமாம்' போட ஆளு இல்ல, குலவை இல்ல, பிள்ளை அழுத சத்தம்கூட இல்ல. 'ஏ, செத்த வீட்டுல கூட இதைவிடச் சத்தம் இருக்குமே'ன்னாரு. பொறவு என்னைய எதுத்தாப்புல உக்கார வச்சு என் மூஞ்சியைப் பாத்தே பாடி முடிச்சாரு. ஸ்டுடியோன்னா அதான் மருமவனே. சத்தமே இல்லாத எடத்துல ஒன்னையே கேட்டுக்கிட்டுப் பாடணும். அந்தப் பயம் தெளியதுக்கு எந்தக் கடையிலயும் சாமான் விக்கல.

இங்கேருந்து பதிஞ்சா என்ன ஆவும்ங்கே? நம்ம சத்திரம் புதுக்குளத்துக்காரரு சுப்பு ஆறுமுகம், வில்லை மெட்ராஸுக்குக் கொண்டு போனவரு. 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாவ, 2022-ல போய்ச் சேந்துட்டாரு. ஆளு போனாலும் கொரலு கெடக்குன்னா, யாரோ பதிஞ்சு வச்சதாலதான. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்காக்காரரு, 1970-கள் கடைசியில நாஞ்சில் நாட்டுப் பக்கம் கோயில் கோயிலாத் திரிஞ்சு வில்லுப்பாட்டைப் பதிஞ்சு, 1988-ல புஸ்தவமே போட்டாரு. அவரு நாப்பத்தெட்டுத் துண்டு நுரைப் பஞ்சைத் தோள்ல சொமந்துக்கிட்டா கொடை கொடையாப் போனாரு?

வில்லுன்னு வந்ததால சொல்லுதேன். சித்திரைக் கொடைக்கு நம்ம செட்டைப் பதியணும்னு ஒனக்கு ஆசை இருந்தா, இந்த ஸ்டுடியோச் சாமான் ஒண்ணும் அங்க எடுபடாது. கையடக்கமா ரெண்டு மைக் வச்ச ரெக்கார்டர் வருதே, பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல, அதைக் கொண்டு போ. குடத்துப் பக்கம் ஒட்டி வச்சிராத. குடத்து வாயில அடிக்குத பத்தி விழும்போது 'கும்'முன்னு வார காத்து ரெக்கார்டரைத் தூக்கி எறிஞ்சிரும். வில்லுக்கு முன்னால ஆறேழு அடி தள்ளி, புலவர் நெஞ்சு ஒசரத்துக்கு வை. குழாய்க்கு நேரா வைக்காத. மேல ஒரு பஞ்சு உறை போடு, காத்து குத்தாது. மணிச் சத்தம், உடுக்கு, பின்பாட்டு எல்லாம் தன்னால அதுஅது எடத்துல வந்து உக்காரும். இன்னைக்குப் பாடுதவரு அடுத்த சித்திரைக்குப் பாடுவாரான்னு யாரு கண்டா? அவருக்கு இப்பமே மூச்சு வாங்குது. ஒன் பாட்டை அப்பறம் பதியலாம், நீ சின்னப் பய.

சீட்டைத் தா. பேனா எங்க? மைக் ஒண்ணு, ஷூர். இன்டர்ஃபேஸ், ரெண்டு வாய். ஹெட்போன் ஒண்ணு. வயரு நல்லதா ரெண்டு, ஒண்ணு அறுந்தா ஒண்ணு. ஸ்டாண்டு கனமாப் பாத்து ஒண்ணு, மெல்லிசுன்னா பாட்டு நடுவுல தலை தொங்கும். அவ்வளவுதான், முப்பதாயிரத்தைத் தாண்டாது. மிச்சத் துட்டை உங்கம்மாட்டயே குடு. செவப்பு போர்டை மட்டும் அடிக்காம விட்டிருக்கேன். ஆசைப்பட்டுட்டே, கெடக்கட்டும்.

அரங்குவீட்டுச் சாவி அந்த ஆணியில தொங்குது. செருப்பைக் கழத்திட்டுப் போ, நெல்லு இருக்க எடம். மைக்கை உள்ளேயே விட்டுட்டு வந்திராத, ஈரம் பிடிக்கும், எலியும் இருக்கு. முக்கியமா ஒண்ணு: வெள்ளிக்கெழமை காலையில மில்லுக்கு மூட்டை ஏத்துதோம். மூட்டை போச்சுன்னா அறையும் போச்சு. வியாழன் ராத்திரிக்குள்ள பாடி முடிச்சிரு.